ஆர்கேட் நடன மேடை வீட்டுக்குள் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த விளையாட்டைப் பற்றிய பேச்சு இது?

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-ன் பிற்பகுதியில் ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில், இறக்கிய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் பற்றித்தான் பெரும்பாலும். சுருக்கமாக டிடிஆர். ஐரோப்பாவில் டான்சிங் ஸ்டேஜ் என்ற பெயரில் விற்றார்கள். திரையில் கீழிருந்து மேலே அம்புக்குறிகள் ஏறி வரும். மேலே நிலையாக நிற்கும் அம்புகளோடு அவை பொருந்தும் நொடியில், காலடியில் உள்ள அதே அம்பை மிதிக்க வேண்டும். இடம், வலம், முன், பின் என நான்கே அம்புகள். தாளத்தோடு மிதித்தால் மதிப்பெண். தவறிக்கொண்டே போனால் உயிர்ப்பட்டை கரையும், அது தீர்ந்ததும் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

இதே வகையில் தென் கொரியாவின் ஆண்டமிரோ நிறுவனம் 1999-ல் பம்ப் இட் அப் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதில் நான்கு மூலைகளும் நடுவும் சேர்த்து ஐந்து கட்டங்கள். இன்றும் ஆர்கேடுகளில் இந்த இரண்டும்தான் பெரிய பெயர்கள்.

நேரடியாகச் சொல்லுங்கள், இது வீட்டுக் கன்சோலில் (டிவியோடு இணைத்து ஆடும் கருவியில்) வெற்றி பெறுமா?

பெறும். ஏற்கனவே பெற்றிருக்கிறது. 1999 தொடங்கி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிய பதிப்புகள் வந்தவண்ணம் இருந்தன. பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோவின் கேம்கியூப், வீ (Wii) என ஏறாத கன்சோல் குறைவு. அதனால் "வெற்றி பெறுமா" என்பதைவிட, "வெற்றி பெற்ற ஒன்று ஏன் நின்றுபோனது" என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என் பதில் இதுதான். இந்த விளையாட்டில் பாதி தரையில் இருக்கிறது. விளையாட்டு வட்டில் (டிஸ்க்) வருவது மீதிப் பாதி மட்டும். தரையில் இருக்கும் பாதியை யாராவது பொறுப்பெடுத்துச் செய்து கொடுத்த காலம் வரைக்கும் வீட்டில் இது ஓடியது.

1999-ல் அவ்வளவு சீக்கிரம் பிளேஸ்டேஷனுக்கு எப்படி வந்தது?

ஆர்கேடில் இறங்கி ஓராண்டு ஆவதற்குள், 1999 ஏப்ரலிலேயே, ஜப்பானில் பிளேஸ்டேஷன் பதிப்பு கடைக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஆர்கேட் விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவருவது என்றாலே இழப்புதான். ஆர்கேட் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை பல மடங்கு சக்தி வாய்ந்தது. வீட்டுக்கு வரும்போது படம் மங்கும், வேகம் குறையும், ஒலி சிதையும்.

டிடிஆருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் ஆர்கேட் பெட்டிக்குள் இருந்தது சிஸ்டம் 573 என்று கொனாமி பெயரிட்ட பலகை. அது பிளேஸ்டேஷன் வன்பொருளை அடிப்படையாக வைத்தே செய்யப்பட்டது. ஆக, ஆர்கேடில் நீங்கள் நாணயம் போட்டு ஆடியது ஒருவகையில் பிளேஸ்டேஷனில்தான். 2002 இறுதியில் வந்த எக்ஸ்ட்ரீம் பதிப்பு வரை இதே பலகை ஓடியது. 2006-ல் வந்த சூப்பர்நோவா பதிப்பிலும் கதை அதேதான், அதன் ஆர்கேட் பலகை பிளேஸ்டேஷன் 2-ஐ அடிப்படையாகக் கொண்டது.

படமும் ஒலியும் அம்புகளின் ஓட்டமும் இதனால் வீட்டுக்கு அப்படியே வந்துசேர்ந்தன. வராமல் நின்றது ஒன்றே ஒன்று, ஏறி நின்று மிதிக்கும் அந்த எஃகு மேடை. அதற்குப் பதிலாக வந்தது தரையில் விரித்து மிதிக்கும் ஒரு பாய்.

வீட்டிலேயே ஆட முடிந்தால் ஆர்கேடுக்கு யார் போவார்கள்?

போனார்கள், முன்னைவிட அதிகமாகவே போனார்கள் என்றுதான் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சி. ஆர்கேடில் ஒரு நாணயத்துக்குப் பொதுவாக மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை இரண்டு நிமிடம். பின்னால் வரிசை நிற்கும். புதியவருக்கு அங்கே கற்றுக்கொள்ள இடமே இல்லை. முதல் பாட்டிலேயே தோற்றால் காசு போனது போனதுதான், பத்துப் பேர் பார்த்த கூச்சம் வேறு.

வீட்டுப் பதிப்பு அந்தக் குறையைத்தான் தீர்த்தது. அதில் பயிற்சிப் பகுதி ஒன்று இருந்தது. கடினமான பாட்டின் குறிப்பிட்ட இடத்தை மட்டும் எடுத்து, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப மிதித்துப் பழகலாம். கலோரிக் கணக்குக் காட்டும் உடற்பயிற்சிப் பகுதியும் உண்டு. அப்புறம், நம் விருப்பப்படி அம்புகளை நாமே அடுக்கிக்கொள்ளும் வசதி.

இந்தக் கடைசி வசதியை வைத்துக் கொனாமி செய்த ஒரு காரியம் எனக்கு இன்றும் மிகவும் பிடிக்கும். 1999-ல் வந்த இரண்டாம் பதிப்பின் ஒரு வகையில், ஆர்கேட் பெட்டியிலேயே, ஆட்டத் தகவல்களைச் சேமிக்கும் பிளேஸ்டேஷன் மெமரி கார்டைச் செருகும் துளை வைத்தார்கள். வீட்டில் இரவு உட்கார்ந்து அடுக்கிய அம்புகளைக் கார்டில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் ஆர்கேடின் பெரிய மேடையில் நண்பர்கள் முன்னால் ஆடலாம். வீடு ஒத்திகைக்கு, ஆர்கேட் அரங்கேற்றத்துக்கு. இரண்டையும் எதிரிகளாக வைக்காமல் ஒரே கயிற்றில் கட்டிய யோசனை அது. அந்தக் கயிறு அறுந்த பிறகுதான் வீட்டுப் பதிப்பும் சரியத் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

வீட்டுப் பாய்க்கும் ஆர்கேட் மேடைக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

எல்லாமே வித்தியாசம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

ஆர்கேட் மேடை எஃகுச் சட்டத்தில் அமைந்தது. அம்புக் கட்டங்கள் தடித்த அக்ரிலிக் தகடுகள், அடியில் விளக்கு எரியும். ஒவ்வோர் அம்பின் கீழும் நான்கு ஓரங்களிலும் அழுத்தத்தை உணரும் பட்டைகள் இருக்கும். கட்டத்தின் எந்த ஓரத்தில் கால் பட்டாலும் பதிவாகும். அம்புத் தகட்டுக்கும் பக்கத்து எஃகுத் தகட்டுக்கும் இடையிலுள்ள விளிம்பைக் கால் உணரும். குனிந்து பார்க்காமலே நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிவது அதனால்தான். பின்னால் ஒரு கம்பி. வேகமான பாட்டில் அதைப் பிடித்துக்கொண்டால் உடல் எடையை அது தாங்கும், கால்கள் லேசாகிவிடும்.

வீட்டுக்கு வந்த பாய் வேறு ஜாதி. மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, கீழே ஒன்று, இரண்டின் உட்புறத்திலும் மின்சாரம் கடத்தும் படலம், நடுவே துளையிட்ட மெல்லிய பஞ்சு. மிதித்தால் துளை வழியாக மேல்படலம் கீழ்ப்படலத்தைத் தொடும், அம்பு பதிவாகும். மடித்துப் பெட்டிக்குள் வைத்து விளையாட்டு வட்டோடு சேர்த்தே விற்கலாம், விலையும் குறைவு. டிடிஆர் உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த மலிவான பாய்தான் காரணம். அதற்கு உரிய நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அதில் விளிம்பு இல்லை. காலுக்குத் தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இரண்டு பாட்டுக்குள் பாய் தரையில் நகர்ந்து, நீங்கள் முன் அம்பு என்று நினைத்து மிதிக்கும் இடத்தில் நடுக்கட்டம் இருக்கும். பாய் சுருளும். பஞ்சு நாளடைவில் அமுங்கிப்போனால் மிதிக்காமலே அம்பு பதிவாகும், அல்லது எவ்வளவு மிதித்தாலும் பதிவாகாது. நான் முதலில் வாங்கிய பாயில் இடது அம்பு நான்கே மாதத்தில் செத்துப்போனது. பிரித்துப் பார்த்தால், சரியாக என் குதிகால் விழும் இடத்தில் படலம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. அடுத்த பாயை ஒரு ஒட்டுப்பலகை மேல் இழுத்துப் பதித்து, ஓரங்களில் டேப் ஒட்டிக்கொண்டேன். அது இரண்டு வருடம் உழைத்தது.

ஆட்டத்தின் தரத்தையே இது மாற்றிவிடும். ஆர்கேடில் பழகியவர்கள் ஒவ்வோர் அடிக்கும் நடுவுக்குத் திரும்ப மாட்டார்கள். இடது கால், வலது கால் என மாறி மாறி, அடுத்த அம்பு எங்கே வருகிறதோ அங்கே கால் நேராகப் போகும். உடல் திரும்பும், கால்கள் குறுக்கே போகும். பார்ப்பவருக்கு அது நடனமாகவே தெரியும். நழுவும் பாயில் அப்படி ஆடப் பயமாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் நடுவுக்கு வந்து நின்றுகொள்கிறோம். ஓர் அடி இரண்டடியாகிறது, மூச்சு வாங்குகிறது, கடினமான பாட்டுகள் எட்டாமலே போகின்றன. "எனக்கு இது வராது" என்று விட்டுவிட்ட எத்தனையோ பேருக்கு உண்மையில் வராமல் போனது அந்தப் பாயால்தான்.

அப்படியானால் நல்ல மேடையை வீட்டுக்கு விற்றிருக்கலாமே?

விற்றார்கள், ஆனால் விளையாட்டைச் செய்தவர்கள் அல்ல, மற்றவர்கள். அமெரிக்காவில் கோபால்ட் ஃப்ளக்ஸ் என்ற நிறுவனம் உலோகமும் தடித்த பிளாஸ்டிக் தகடும் கொண்ட மேடைகளைச் செய்தது. ரெட் ஆக்டேன் என்ற மற்றொரு நிறுவனம் உள்ளே கெட்டிப் பஞ்சு வைத்த, நழுவாத பாய்களைச் செய்தது. ஆடுபவர்கள் மத்தியில் இரண்டுக்கும் நல்ல பெயர். ஆனால் ஒரு மேடையின் விலையில் விளையாட்டு வட்டுகள் பல வாங்கிவிடலாம். எடையும் அதிகம், மடிக்கவும் முடியாது. உண்மையான பித்து உள்ளவர்கள் மட்டும் வாங்கினார்கள்.

கட்டுப்படுத்தியின் பொத்தான்களை அழுத்தியே ஆடினால் என்ன?

ஆடலாம், பெரும்பாலான பதிப்புகளில் முடியும். விரல்களுக்கு அது நல்ல விளையாட்டுதான். ஆனால் வியர்க்காத டிடிஆர் வேறு விளையாட்டு.

பழைய டிவியில் சரியாக வந்த தாளம் புதிய டிவியில் ஏன் தப்புகிறது?

அடிக்கடி வரும் கேள்வி இது. காரணம் உங்கள் கால் அல்ல. டிடிஆரின் உச்ச மதிப்பீட்டுக்கு நீங்கள் தாளத்துக்கு முன்னோ பின்னோ ஏறத்தாழ 17 மில்லிநொடிக்குள் மிதித்திருக்க வேண்டும். நொடிக்கு 60 படங்கள் ஓடும் திரையில் அது ஒரே ஒரு படத்தின் நேரம். பழைய குழாய் டிவியில் சமிக்ஞை வந்ததும் படம் விழுந்துவிடும். தட்டையான டிவிகள் வந்தபின் நிலைமை மாறியது. அவை படத்தைத் துலக்கி, பெரிதாக்கி, மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். அதற்குள் பல பத்து மில்லிநொடிகள் போய்விடும். ஒலிபெருக்கி தனியாக இருந்தால் ஒலிக்கு இன்னொரு தாமதம். கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும், கால் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

ஆர்கேடில் திரை, ஒலிபெருக்கி, மேடை மூன்றையும் ஒரே கைகள் பொருத்தி, சோதித்து அனுப்புகின்றன. வீட்டிலோ மூன்றும் மூன்று நிறுவனத்துடையவை. டிவியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். விளையாட்டில் தாமதத்தைச் சரிசெய்யும் அமைப்பு இருந்தால், பாட்டு தொடங்குமுன் பத்து நிமிடம் அதில் செலவிடுங்கள். ஏமாற்றத்தில் பாதி அங்கேயே தீரும்.

ஆர்கேடில் இருந்த பாட்டு ஏன் வீட்டுப் பதிப்பில் இல்லை?

உரிமை. ஆர்கேடுக்கு ஒரு ஒப்பந்தம், வீட்டு விற்பனைக்கு வேறொன்று. ஜப்பானுக்கு ஒரு பட்டியல், அமெரிக்காவுக்கு இன்னொன்று. ஒரே பெயருள்ள பதிப்பே நாட்டுக்கு நாடு வேறு பாட்டுகளோடு வந்தது. கொனாமிக்குள்ளேயே இசையமைத்தவர்களின் பாட்டுகள் மட்டும் எல்லைகளைத் தாண்டிப் போயின. ஆட்டக்காரர்கள் நெஞ்சில் நின்றவை பெரும்பாலும் அவைதான்.

வட்டில் இடம் போதாத குறையும் இருந்தது. அதைத் தீர்க்க 2003-ல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த அல்ட்ராமிக்ஸ் பதிப்பில், இணையம் வழியே புதிய பாட்டுத் தொகுப்புகளை இறக்கிக்கொள்ளும் வசதி வைத்தார்கள். காலத்துக்கு முந்திய நல்ல யோசனை. ஆனால் பழைய எக்ஸ்பாக்ஸின் இணையச் சேவை 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதற்குமுன் இறக்காதவர்களுக்கு அந்தப் பாட்டுகள் போய்விட்டன. வட்டில் வந்த 1999-ன் பாட்டுகளை இன்றும் ஆடலாம்.

பள்ளிக்கூடங்களில் வைத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜினியா மாநிலம், தன் 765 அரசுப் பள்ளிகளிலும் டிடிஆரைக் கொண்டுவரப்போவதாக 2006 ஜனவரியில் அறிவித்தது. குழந்தைகளின் உடல் பருமன் அங்கே பெரிய கவலையாக இருந்தது. பந்து விளையாட்டில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் குழந்தைகள்கூடத் தயங்காமல் ஆட வருவது ஆசிரியர்களுக்குப் பெரிய விஷயம்.

அந்தப் பள்ளிகளில் வைத்தது ஆர்கேட் இயந்திரம் அல்ல, வீட்டுக் கன்சோலும் பாய்களும்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆர்கேட் விளையாட்டு வீட்டுக் கன்சோல் வழியாக, ஆர்கேடே எட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதைவிடப் பெரிய வெற்றியை நான் கேட்க மாட்டேன்.

பிறகு ஏன் நின்றது?

ஒரே காரணம் இல்லை. 2010-ல் வீ, பிளேஸ்டேஷன் 3 இரண்டுக்கும், 2011-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் டிடிஆர் வந்தது. அதே 2011-ல் வீக்கு இன்னொன்று. அதோடு கன்சோல் வரிசை ஓய்ந்தது. ஆர்கேடில் தொடர் நிற்கவே இல்லை. 2016-ல் ‘ஏ’ (A), 2024-ல் ‘வேர்ல்ட்’ எனப் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

என் கணிப்பில் முதல் காரணம் பாய். பிளேஸ்டேஷனுக்கு வாங்கிய பாய் பிளேஸ்டேஷன் 2-லும் வேலை செய்தது. இரண்டுக்கும் ஒரே செருகுதுளை. ஒருமுறை வாங்கியவர் ஆறேழு வருடம் வட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டே போகலாம். அடுத்த தலைமுறைக் கன்சோல்கள் வந்ததும் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. எல்லோரும் முதலிலிருந்து புதிய பாய் வாங்க வேண்டும், ஒவ்வொரு கன்சோலுக்கும் வேறு வேறு பாய். நல்ல உலோக மேடை வைத்திருந்தவர்கள் பழைய கன்சோலிலேயே தங்கிவிட்டார்கள்.

இரண்டாவது, அமெரிக்காவில் ஆர்கேடுகளே குறைந்துகொண்டு வந்தன. பெரிய மேடையைப் பார்த்திராத பிள்ளைக்கு வீட்டுப் பாய் எதற்கான ஒத்திகை? மூன்றாவது காரணத்தைத் தனிக் கேள்வியாகவே கேட்கிறார்கள்.

ஜஸ்ட் டான்ஸ் வீட்டில் அமோகமாக ஓடியதே?

ஓடியது. அதை மறுக்கவும் கூடாது, இளக்காரமாகப் பேசவும் கூடாது. யூபிசாஃப்ட் 2009 நவம்பரில் வீ கன்சோலுக்கு அதை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஒரு முயல் விளையாட்டுக்குள் இருந்த சின்ன நடனப் பகுதிதான் அதன் விதை. பாய் கிடையாது. கையில் வீ ரிமோட் இருந்தால் போதும். திரையில் ஒருவர் ஆடுவார், அவரைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து நாம் ஆட வேண்டும். கை அசைவை மட்டும்தான் அது அளக்கிறது, கால் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது.

அதன் பலமும் அதுதான். அந்த ரிமோட் ஏற்கனவே பல கோடி வீடுகளில் இருந்தது. பாட்டி, பேரன், வந்த விருந்தாளி என யாரும் அடுத்த நிமிடமே சேர்ந்துகொள்ளலாம். 2019 இறுதியில், வீயை மற்ற எல்லோரும் கைவிட்ட பின்பும், ஜஸ்ட் டான்ஸின் புதிய பதிப்பு அதற்கு வந்தது. பத்து வருடம் ஒரே சாதனம். டிடிஆர் இழந்த தொடர்ச்சியை ஜஸ்ட் டான்ஸ் காப்பாற்றிக்கொண்டது.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமராவும் அதோடு ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் டான்ஸ் சென்ட்ரலும் வந்தன. கேமரா முழு உடலையும் பார்க்கும். கையில் எதுவும் வேண்டாம், காலடியிலும் வேண்டாம். முதல் 60 நாளில் 80 லட்சம் கினெக்ட் விற்றது. ஆனால் கேமராவிலிருந்து சுமார் ஆறடி தள்ளி நிற்க இடம் வேண்டும். ஒரு படுக்கையறைக்குள் அது சுலபமில்லை. கேமரா பார்த்து, ஆடுபவரின் கை கால் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு முடிப்பதற்குள் நேரமும் ஓடிவிடும். அதனால் தாளத்தை நுணுக்கமாக அளக்க முடியாது, தோரணையைத்தான் அளக்க முடியும். 2017-ல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்தினார்கள்.

இந்த இரண்டும் வீட்டிலேயே பிறந்த விளையாட்டுகள். வரவேற்பறைக்கு எது பொருந்துமோ அதிலிருந்து தொடங்கியவை. டிடிஆர் மேடையிலிருந்து தொடங்கியது. கொனாமியே கினெக்டுக்கு ஒரு நடன விளையாட்டைச் செய்து, பிறகு 2012-ல் அதை ஜப்பானிய ஆர்கேடுக்குக் கொண்டுபோனது. ஆனால் ஆர்கேடில் இன்றும் நிற்பது டிடிஆர்தான். மிதிக்கும்போது காலுக்குக் கிடைக்கும் அந்த "டக்" என்ற பதிலுக்குக் காற்றில் ஆடும் நடனம் ஈடாகாது.

பெரிய சாதனத்தோடு வரும் விளையாட்டை வீட்டார் வாங்கவே மாட்டார்களா?

வாங்குவார்கள். சற்று முன் சொன்ன ரெட் ஆக்டேன்தான் சாட்சி. ஹுவாங் சகோதரர்கள் நடத்திய அந்த நிறுவனம் நடனப் பாய் விற்றுப் பெற்ற அனுபவத்தோடு, ஹார்மோனிக்ஸைச் சேர்த்துக்கொண்டு 2005-ல் கிட்டார் ஹீரோவைக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் கிட்டார் இல்லாமல் அந்த விளையாட்டே இல்லை. கொனாமி 1999-லேயே கிட்டார் ஃப்ரீக்ஸ் என்று ஆர்கேடில் செய்த யோசனைதான் அது. வீட்டில் அதைப் பெரிதாக்கியவர்கள் நடனப் பாய் விற்றவர்கள். சாதனத்தை ஓர் உபரிப் பொருளாக நினைக்காதவர்கள் அவர்கள். பிறகு ஆக்டிவிஷன் அதை வாங்கி, வருடத்துக்குப் பல பதிப்பு என்று கொட்டி, 2011-ல் அந்தப் பிரிவையே மூடியது வேறு கதை.

ஜப்பானின் தைக்கோ நோ தட்சுஜினையும் சொல்ல வேண்டும். ஆர்கேடில் பெரிய முரசு, வீட்டில் சின்ன முரசு. 2002-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல் வரை தொடர்ந்தது. சின்ன முரசு மேசையில் அடங்கும். அடிக்கும் கைக்கு அது முரசாகவே படும். அளவு குறைந்தும் உணர்ச்சி குறையவில்லை. காலுக்கு அப்படிச் சுருக்க வழியில்லை. நம் காலின் அளவு அப்படியேதானே இருக்கிறது!

கொனாமி தவிர மற்றவர்கள் முயலவில்லையா?

முயன்றார்கள். டெக்சாஸைச் சேர்ந்த ராக்சர் கேம்ஸ் 2004-ல் இன் தி குரூவ் என்ற ஆர்கேட் விளையாட்டைக் கொண்டுவந்தது. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான கடினமான அம்பு அடுக்குகள் அதில் இருந்தன. மறு ஆண்டே பிளேஸ்டேஷன் 2-க்கும் வந்தது. பழைய டிடிஆர் பெட்டிகளில் அதைப் பொருத்தி விற்றதைக் கொனாமி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2006-ல் சமரசம் ஆகி, அந்த விளையாட்டின் உரிமையே கொனாமி கைக்குப் போனது.

ஆனால் இன் தி குரூவ் நின்ற அடித்தளம் ஸ்டெப்மேனியா. 2001 முதல் தன்னார்வலர்கள் எழுதிவரும் இலவச, திறந்தமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எந்தப் பாட்டுக்கும் அம்பு அடுக்கலாம். தமிழ்ப் பாட்டுக்கும் அடுக்கலாம். ஒரு நல்ல குத்துப்பாட்டின் தாளத்துக்கு அம்புகளை அடுக்கிப் பாருங்கள், நான்கு அம்பு போதாது என்று தோன்றும். வீட்டில் இந்த விளையாட்டு சாகாமல் இருப்பது இந்த மென்பொருளால்தான். கொனாமியும் பின்னர் கிராண்ட் பிரி என்ற பெயரில் டிடிஆரைக் கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதுவும் கன்சோலுக்கு அல்ல.

மாடி வீட்டில் ஆடினால் கீழ் வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

நியாயமாகச் சண்டைக்கு வருவார். இரண்டாம் மாடியில் குடியிருந்தபோது, கீழே இருந்த அம்மா ஒருநாள் மேலே வந்து, "தம்பி, மேலே உரல் ஏதும் இடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அன்று எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பாய்க்கு அடியில் எவ்வளவு பஞ்சு போட்டாலும், குதிக்கும் எடை தரை வழியாக இறங்கத்தான் செய்யும். யோகா விரிப்பு, ரப்பர் தளம், அதன் மேல் பலகை என்று அடுக்கினால் ஓரளவு குறையும். மதிய நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டு கால்களும் சேர்ந்து குதிக்கும் அம்புகளை நீக்கிவிடும் அமைப்பையும் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாவின் பேத்தி பிறகு என்னிடமே ஆடக் கற்றுக்கொண்டாள்.

இன்று வீட்டில் தொடங்க என்ன வேண்டும்?

ஒரு சாதாரணக் கணினி, ஸ்டெப்மேனியா, முதலில் ஒரு மலிவான மெத்தைப் பாய். மூன்று மாதம் ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கால் துடித்தால் கெட்டி மேடை பற்றி யோசியுங்கள். போலந்தின் எல்-டெக் செய்யும் மேடைகள் பலரிடம் இருக்கின்றன. இன்னும் மேலே போக விரும்புவோருக்கு, இன் தி குரூவைச் செய்தவர்கள் பின்னர் உருவாக்கிய ஸ்டெப்மேனியாஎக்ஸ் மேடையை வீட்டுக்கும் விற்கிறார்கள். விலை கனமானது. ஆனால் ஆர்கேடுக்கு ஈடான மேடையை வீட்டுக்கு விற்கும் துணிச்சல் அவர்களுக்கு இருப்பதே எனக்கு மகிழ்ச்சி.

பழைய பிளேஸ்டேஷன் பாய் கைவசம் இருந்தால் யுஎஸ்பி மாற்றி போட்டுக் கணினியில் பயன்படுத்தலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சாதாரணக் கட்டுப்படுத்தியில் இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்த முடியாது. அதனால் பல மாற்றிகள் இரண்டையும் ஒரே அச்சாக எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஒன்றையொன்று கழித்து, எதுவுமே மிதிக்காததாகக் காட்டும். வாங்கும்போதே நடனப் பாய்க்கு ஏற்ற மாற்றியா என்று கேளுங்கள். செருகியதும் முதல் வேலையாக இடதையும் வலதையும் சேர்த்து ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். இரண்டும் திரையில் ஒளிர்ந்தால் பாட்டைப் போடலாம்.